ஜொஹ்ரா வந்த வியாழக்கிழமைகள்

இதைக் கேட்டவர்கள், அந்த மழைக்காலத்தில் ஆனந்தவல்லிக்கே காய்ச்சல் கண்டிருக்கும் என்றார்கள். காய்ச்சல் இல்லை. கனவும் இல்லை. அவள் ஆராய்ச்சிக்காரி. ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். இதையும் அப்படித்தான் நம்பினாள்.

1957. பூனாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். தொண்டை அடைப்பான் நோய்க்கு, குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். நோயின் விஷத்தை அது முறிக்கும். ஆனால் அது உடம்பில் தங்காது. அடுப்பு விறகைத் தின்கிற மாதிரி உடம்பு அதை வாராவாரம் கரைத்துவிடும். அரை வயிறு சாப்பிடுகிறவர்கள் உடம்பில் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது? அதைத்தான் ஆனந்தவல்லி தேடிக்கொண்டிருந்தாள்.

சோதனைக்குத் தானாக வந்தவர்களில் ஒருத்தி ஜொஹ்ரா. மேலப்பாளையத்துக்காரி. பூனா கேம்ப் பகுதியில் அவள் புருஷன் ஜாபர் சாதிக்குக்குச் சின்னதாய் ஒரு கைலிக் கடை. அவர்களுடைய ஒரே குழந்தை அந்த நோயில்தான், மூச்சு முட்டி, இவள் மடியில் கிடந்தே போனது.

ஊசி போட்டு, அன்றைய அளவுக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டு ஆனந்தவல்லி சொன்னாள். "இனிமே ஆறு வியாழக்கிழமை வந்து ரத்தம் குடுக்கணும். நடுவுல நின்னா எல்லாம் வீணாப் போயிடும்."

"என்ன ஆனாலும் வந்திருதேன் டாக்டரம்மா."

வந்தாள். அடுத்த வியாழன், மழை இருட்டிக்கொண்டு நின்ற மதியம். கை ஜில்லென்றிருந்தது. ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டியும் நரம்பு எழும்பவில்லை. தேடித்தான் குத்த வேண்டியிருந்தது. ரத்தம் மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தது. ஊரெல்லாம் ஃப்ளூ. இவளுக்கும் உடம்பு சரியில்லை போலும் என்று ஆனந்தவல்லி நினைத்துக்கொண்டாள்.

ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளவுகள் வந்தன. மற்றவர்கள் எல்லாருக்கும் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. ஜொஹ்ராவுக்கு இறங்கவில்லை. குழாய் மாறிவிட்டதோ? திரும்பச் செய்தாள். அதே அளவு. அடுத்த வியாழனும் அதே. அதற்கடுத்ததும். ஒரு துளிகூடக் கரையவில்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. எதிர்ப்பொருளைக் கரைக்காத உடம்பு! இதன் ரகசியம் பிடிபட்டால் ஒரே ஊசியில் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றலாம்...

நாலாவது வியாழன் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையையும் பிராணவாயுவையும் பார்த்தாள். உடம்பு எதையுமே செலவழிக்கவில்லை. சாப்பாடு இல்லை. மூச்சு இல்லை. அடுப்பு மொத்தமாக அணைந்திருந்தது.

அப்படிப்பட்ட உடம்பு ஒன்றுதான் உண்டு.

அது என்ன உடம்பு என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாவது வியாழன். பக்கத்து அறையில் கூண்டு முயல்கள் இரை கொறிக்கும் சத்தம் எப்போதும் கேட்கும்.

திடீரென்று நின்றது.

"டாக்டரம்மா..."

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. ஜொஹ்ரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டியிருந்தது. முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தடங்கள். ஒன்றுகூட ஆறவில்லை.

ஆனந்தவல்லி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு... வேண்டாம் ஜொஹ்ரா."

"நடுவுல நின்னா வீணாப் போயிடும்னீங்களே." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எடுங்க. இன்னொரு பிள்ளை சாவக்கூடாது."

எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நிமிர்ந்தபோது நாற்காலி காலி.

முயல்கள் மறுபடி கொறிக்கத் தொடங்கின.

மறுநாள் ஜும்மா முடிந்து ஜாபர் சாதிக் கடை திறக்கும்வரை ஆனந்தவல்லி வாசலிலேயே நின்றாள்.

"ஜொஹ்ரா எப்படி இருக்காங்க?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அவ மவுத்தாயிட்டாளே. நீங்க ஊசி போட்ட மூணாம் நாள் ஃப்ளூ காய்ச்சல்ல போயிட்டா. உங்களுக்குச் சொல்லி அனுப்பத் தோணல. மன்னிச்சிக்கோங்க."

ஆனந்தவல்லி கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நரம்பு, பஞ்சு, அளவுகள், நேற்று நீட்டிய கை...

அவர் நம்பவில்லை என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. கைலிகளை மடித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுபோனது.

"இன்னும் எத்தனை தடவை எடுக்கணும்?"

"ஒண்ணு."

"எடுக்காதீங்கம்மா." அவர் கைலியை அப்படியே கீழே வைத்தார். "வியாழக்கிழமை மக்ரிப் தொழுதுட்டு வந்தா, உள்ளறையில அவ அழுற சத்தம் கேக்குது. குத்துறாங்க, கை வலிக்குதுன்னு. கபர் குழிக்குள்ள என் பொண்டாட்டிய யாரு குத்துறாங்கன்னு தெரியாம, இத்தனை வாரமா துவா செஞ்சிட்டிருந்தேன்."