மூட்டைக்காரன் ஆட்டமும் வெள்ளிக்கிழமை போனும்

1. கையை விரித்த நாள்

பாபநாசம் கடைத்தெருவில் டி.வி. சர்வீஸ் கடை வைத்திருந்தவள் நான். ஐ.டி.ஐ.யில் ரேடியோ டி.வி. மெக்கானிக் படித்தேன். கடை திறந்த புதிதில், பொம்பளை கை வைத்தால் டி.வி. உருப்படுமா என்று என் காதுபடவே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் பெட்டியைக் கொண்டு வந்தால் கடைசியில்தான் எடுப்பேன்.

ஆனால் எனக்குச் சோறு போட்டதும் நான் பொம்பளையாக இருந்ததுதான். சுற்று வட்டாரத்தில் முஸ்லிம் வீடுகளில் பாதிப் பேர் சவுதியிலோ துபாயிலோ இருப்பார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் வீட்டுக்கு வீடு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். டூ-இன்-ஒன், வி.சி.ஆர்., வீடியோ கேம் என்று எது கெட்டாலும், ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் ஆம்பளை மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். எனக்குத்தான் ஆள் வரும். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போவேன்.

அப்படித்தான் கதீஜாம்மா வீட்டுக்குப் போனேன். அவர் மகன் சலீம் சவுதியில் தம்மாம் ஊரில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது வீடியோ கேம் பெட்டி ஒன்று கொண்டு வந்தான். கல்யாணமாகி இரண்டு மாசம்கூட ஆகவில்லை, லீவு முடிந்தது என்று திரும்பிப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இருந்தது மாமியாரும் மருமகள் ஜமீலாவும், அந்தப் பெட்டியும்.

பெட்டிக்கு ஒரே ஒரு கேசட். முதுகில் மூட்டை கட்டிய ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், முள் வந்தால் எகிற வேண்டும், ஆடுகிற பாலத்தில் நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும். லேபிளில் இருந்த எழுத்து எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஊரில் அதற்கு மூட்டைக்காரன் ஆட்டம் என்றே பெயர்.

அன்றைக்குப் போனபோது பெட்டி சுத்தமாகச் செத்திருந்தது. திறந்து பார்த்தால், கரண்டை அளந்து விடுகிற ரெகுலேட்டர் ஐ.சி. கருகிக் கிடக்கிறது. எத்தனை நேரம் ஆனில் இருந்தது என்று கேட்டேன். ஜமீலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த ஆட்டத்தில் விட்ட இடத்தில் தொடர வழி கிடையாது. ஆஃப் செய்தால் முதலிலிருந்துதான். அதனால் அவள் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்து, டி.வி.யை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை நாள் கணக்கில் ஆனிலேயே விட்டிருக்கிறாள். தூசி படியக்கூடாதே என்று அதன்மேல் மணி வைத்துத் தைத்த வெல்வெட் உறை வேறு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போர்வை போர்த்திக்கொண்டு சித்திரை வெயிலில் நீ நிற்பாயா என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தேன். உயிர் வரவில்லை. உள்ளே கறுப்புப் பொட்டு மாதிரி ஒரு சிப் ஒட்டியிருக்கும்; அது போய்விட்டால் போனதுதான், கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. இது பழசு, தூக்கிப் போடுங்கள், புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

2. நூறு ஆட்டமும் வேண்டாம்

அடுத்த வாரமே திருச்சிக்குப் போய் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தேன். கேசட்டே வேண்டாம், உள்ளுக்குள்ளேயே நூறு ஆட்டம். கார் ஓட்டலாம், சண்டை போடலாம், விமானம் விடலாம். மாட்டிக் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஜமீலா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மூட்டைக்காரன் மாதிரியே ஓடித் தாண்டுகிற ஆட்டமும் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது அது இல்லக்கா. பள்ளமெல்லாம் வேற இடத்துல இருக்கு."

பள்ளம் எங்கே இருந்தால் என்ன, தாண்டத்தானே போகிறாய் என்றேன். அவள் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். வெயிலில் பஸ் மாறி மாறிப் போய் வாங்கி வந்தவளுக்கு எப்படி இருக்கும்? உங்கள் மருமகளுக்கு என்ன அவ்வளவு பிடிவாதம் என்று கதீஜாம்மாவிடமே கேட்டேன்.

கதீஜாம்மா கறாரான ஆள். மீன்காரரே அவரிடம் பேரம் பேசப் பயப்படுவார். மருமகளை நான்கு பேர் முன்னால் புகழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிடிவாதம் இல்ல வசந்தா. அங்க அவன் ரூம்லயும் இதே ஆட்டம்தான் வச்சிருக்கானுங்க. வெள்ளிக்கிழமை போன் வந்தா, எந்தப் பாலத்துல நிக்கிற, நான் அதைத் தாண்டிட்டேன்னு இதத்தான் ரெண்டும் பேசிக்கும். எஸ்.டி.டி. பூத்துல முன்னால பத்துப் பேரு, பக்கத்துல நான். வேற என்னத்தப் பேசும் அது?"

அவர் நிறுத்தவில்லை.

"போன வாரம் பெட்டி இல்ல. நல்லா இருக்கியான்னு அவன் கேட்டான், நல்லா இருக்கேன்னுச்சு. அப்புறம் பேச ஒண்ணும் இல்லாம ரிசீவரை என் கையில குடுத்துட்டு ஓரமா போய் நின்னுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. எப்படியாச்சும் அதையே கொண்டா."

கல்யாணமாகி இரண்டு மாசம்கூடச் சேர்ந்து இருக்காதவர்கள். அடுத்த லீவு வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வாரத்துக்கு ஒரு போன். அதில் அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து தெரிந்த ஒரே இடம் அந்த ஆட்டத்துக்குள்தான் இருந்தது. தம்மாமில் மூன்றாவது பாலத்துக்குப் பின்னால் எங்கே பள்ளமோ, பாபநாசத்திலும் அங்கேதான் பள்ளம். புதுப் பெட்டியை அப்போதே கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

3. பரணில் கிடந்தது

கேசட்டைக் கடைக்குக் கொண்டு வந்து பார்த்தேன். அதற்குப் பழுதில்லை. அதை மாட்டுகிற மாதிரி ஒரு பழைய பெட்டி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடைகளில் அந்த மாடல் நின்றுபோய்விட்டது. மயிலாடுதுறையில் சொல்லி வைத்தேன், கும்பகோணத்தில் தேடினேன். ஒரு கடைக்காரர், இந்தக் குப்பையை யாருக்கம்மா தேடுறீங்க என்று சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கொஞ்ச நாள் முன்னால் நானே தூக்கிப் போடச் சொன்னதுதானே அது.

கடைசியில் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் வீட்டுப் பரணில் இருந்தது. அவர் வீட்டு டேப் ரெக்கார்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் இதை எடுத்துக்கொண்டேன். உள்ளே கரப்பான் குடித்தனம் நடத்தியிருந்தது. சுத்தம் செய்து, கண்டன்சர் மாற்றி, பற்று விட்டுப்போன இடங்களில் எல்லாம் மறுபடி சால்டரிங் வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டையும் போட்டேன்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆடினால் போதும். நான் அன்று முழுக்கக் கடையைக் கவனிக்கவில்லை. தாண்டத் தவறி விழும்போதெல்லாம், தப்பு என்னுடையதுதான் என்று பளிச்சென்று தெரிகிறது. அரை நொடி முன்னால் குதித்துவிட்டேன், சரி, இன்னொரு தரம். அதற்குள் அவன் மூட்டையோடு பழைய இடத்தில் வந்து நிற்கிறான். திட்டுவதில்லை, போன தடவை விழுந்ததைச் சொல்லிக் காட்டுவதில்லை. மாமியார் வீட்டில் வாழ வந்த பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ பகட்டான ஆட்டங்கள் வந்து போய்விட்டன. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது போனில் மூட்டைக்காரனை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். எனக்கு ஆச்சரியமே இல்லை.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டு போய் மாட்டினேன். திரையில் மூட்டைக்காரன் வந்து நின்றதும் ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அஸர் தொழுகை முடிந்திருந்தது, போன் வருகிற நேரம். அவள் அவசரமாகத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பி நின்றாள்.

கதீஜாம்மா எழுந்திருக்கவில்லை.

"நீ போயிட்டு வா. நான் இங்க வசந்தாகிட்ட இந்த ஆட்டத்தைக் கத்துக்கப் போறேன்."

"தனியாவா மாமி?"

"பூத் என்ன பம்பாய்லயா இருக்கு? நாலு கடை தள்ளித்தான. போ, மணியடிக்கப் போவுது."

வாரம் முழுக்க அந்தம்மா அந்த ஒரு போனுக்காகத்தான் இருப்பார் என்பது தெருவுக்கே தெரியும். மழை கொட்டினாலும் குடையோடு போய் பூத் வாசலில் முதல் ஆளாக நிற்பவர். ஜமீலா நம்பாமல் அவரையே பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். கதீஜாம்மாவுக்கு முதல் பள்ளமே தாண்ட வரவில்லை. இந்தக் குள்ளனுக்குக் காலில் பலமே இல்லை என்று திட்டினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் காது முழுக்க வாசல் பக்கம் இருந்தது.

வழக்கத்தைவிட நேரமாயிற்று. ஜமீலா வந்தபோது முகம் அப்படிச் சிவந்திருந்தது, அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. பெட்டி வந்துவிட்டது, எந்தப் பாலத்துக்கு வரச் சொன்னான் உன் வீட்டுக்காரன் என்று கேட்டேன்.

"ஆட்டத்தப் பத்திப் பேச்சே வரலக்கா."

சொல்லிவிட்டு வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதீஜாம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"புள்ள சாப்பிட்டானாமா?"

ஜமீலாவுக்கு முகம் சுண்டிப்போனது. கேட்க மறந்துவிட்டேன் மாமி என்றாள். கதீஜாம்மா கண்ட்ரோலரை அவள் மடியில் வைத்தார்.

"சரி விடு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் போவோம், நான் கேட்டுட்டு வெளியில வந்துடறேன். இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுறது, அதைக் காட்டு."

என் தொழிலில் அன்றைக்குக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கெட்டுப்போன சாமானைத் திறப்பதற்கு முன்னால், இதை யார், எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். கேட்காமல் தூக்கிப் போடச் சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வந்ததே இல்லை.