வயது எழுதாத கட்டம்

இன்று காலை ஒபிசில் ஒரு அம்மா என் ஸ்கிரிப்டில் பிழை பிடித்தார்.

(ஒரு வரி கோட்கூடப் பார்க்காமல்.)

கிளிநொச்சியில் சிறிய வரைபட ஒபிஸ் எங்களுடையது. வீட்டுத்திட்ட வீடுகளைக் கொம்பியூட்டரில் மொடலாக வரைந்து கொடுக்கிறோம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வீடு. ஒவ்வொன்றாய் வரைந்து அலுத்துப்போய், வரையும் மென்பொருளுக்குள் தானே ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் (சின்னக் கட்டளை நிரல்) எழுதினேன்.

குடும்ப லிஸ்டைப் படிக்கும். ஆட்களை எண்ணும். மூன்று பேர் வரைக்கும் ஒரு அறை. நான்கு பேரென்றால் இரண்டு. சுவர், கதவு, கூரை எல்லாம் தானே எழும்பும்.

ஒரு மாத வேலை ஒரு தேநீர் நேரத்தில் முடிந்தது. (பெருமையில் இரண்டு குடித்தேன்.)

அந்த அம்மா உடையார்கட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பிளானை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, எங்களுக்கு ரெண்டு அறை வரவேணும். இதில ஒண்டுதான் கிடக்கு."

"மூண்டு பேருக்கு ஒண்டுதானம்மா."

"நாங்கள் நாலு பேர். நான், மகள், பேத்தி, மகன்."

லிஸ்டைத் திறந்தேன். மகனின் பெயர் இருந்தது. வயதுக் கட்டம் வெறுமை.

வயதில்லாத வரியை அரைகுறைப் பதிவென்று தாண்டிப் போகும்படி எழுதியவன் நான்தான்.

"வயசு எழுதேல்லையேம்மா?"

"எதை எழுதுறது? கடைசிச் சண்டையில அவன் காணாமப் போகேக்க பத்தொன்பது. இப்பத்தைய வயசை எழுதினா, ஆள் எங்க எண்டு கேப்பாங்கள். பத்தொன்பதெண்டு எழுதினா, அதோட முடிஞ்சுபோச்செண்டு ஆகும். அதான் விட்டனான்."



பக்கத்து மேசையிலிருந்த எங்கள் ஒபிஸ் பொறுப்பாளர் சேர்தான் சொன்னார். "பேர் லிஸ்டில இருக்குத்தானே. ஏதாவது ஒரு வயசைப் போடும் ஐசே."

"என்ன வயசு போடட்டும் அம்மா?"

"என்னைக் கேக்காதேங்கோ தம்பி."

என் வயதைப் போட்டேன்.

ரன் செய்தேன். இரண்டாவது அறை எழும்பியது.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யன்னலை றோட்டுப் பக்கம் வைக்கேலாதோ?"

"ஏன், வெயில் அடிக்குமே?"

"அடிக்கட்டும். ஆள் வாறது தெரியும்."

அதற்கு ஸ்கிரிப்டில் இடமில்லை. கையால் நகர்த்தினேன்.

அவர் போன பிறகு, என் ஸ்கிரிப்ட் தாண்டிப்போன வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன்.

பதினொரு பெயர்கள். ஒன்றுக்கும் வயதில்லை.

மென்பொருளுக்கு அவை வெற்றுக் கட்டங்கள். எனக்கும் இன்று காலை வரை அப்படித்தான்.

அவர்களை எண்ணாததால் ஐந்து வீடுகளில் ஒவ்வோர் அறை குறைந்திருக்கிறது. மூன்றைத் திருத்திவிட்டேன். மற்ற இரண்டுக்கும் அத்திவாரம் போட்டாயிற்று.

அந்த இரண்டு வீட்டாரும் இன்னும் வந்து கேட்கவில்லை. நாளைக்கு நானே போகவேண்டும்.

உங்கள் பிள்ளையை எண்ணாமல் விட்டுவிட்டேன் என்பதை, வாசலில் நின்று எப்படிச் சொல்லத் தொடங்குவது?

தெரிந்தவர்கள் எழுதுங்கள்.