எண்பது தொட்டதும்

அந்தப் பணமாற்றுக் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. முதலாளிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அவள் ‘பலகை அக்கா’தான். அந்நிய நோட்டு ஒன்றுக்கு நம் நோட்டு எத்தனை என்பதைத் தகட்டு எண்களாக வாசல் பலகையில் மாட்டுவது அவள் வேலை. முதலாளி உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வார். அவள் முக்காலியில் ஏறி, பழைய தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள். ஒரே ஒருமுறை அறுபத்தேழை எழுபத்தாறு என்று மாற்றி மாட்டியதில், கூடுதல் விலை கிடைக்கிறதென்று தெருவே கடைக்குள் புகுந்துவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்க்காமல் அவள் முக்காலியை விட்டு இறங்குவதில்லை.

ஊரார் ஆண்டைச் சொல்லி நினைவுவைத்துக்கொள்வதை எல்லாம் அவள் அந்த விலையைச் சொல்லி நினைவுவைத்துக்கொண்டாள். கல்யாணம் நடந்தது நாற்பத்து மூன்றில். கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கணவர் கடல் கடந்து கிரேன் ஓட்டப் போனது நாற்பத்தாறில். “ஐம்பது தொட்டதும் வந்துடறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே விமானம் ஏறினார். ஐம்பது தொட்டது. “ஏறுற நேரத்துல ஏன் விடணும்? அம்பத்தஞ்சு ஆகட்டும்” என்றார். அறுபதில் மகளின் படிப்பு குறுக்கே வந்தது. எழுபதில் வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. “இன்னும் கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஏறுமாம்” என்று அவளே சொன்ன நாட்களும் உண்டு. ஐயோ, அந்த வார்த்தைதான் இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது!

கடைசியாக இருவரும் பேசி முடிவுசெய்த எண், எண்பது. எண்பது தொட்டதும் சேர்த்ததை எல்லாம் அனுப்பிவிட்டு அவர் ஒரேயடியாகத் திரும்பிவிட வேண்டும். முதலாளிகூடப் பத்தின் இடத்தில் மாட்டுவதற்கென்று பெரிய எட்டு ஒன்றை எழுதி வாங்கி வைத்திருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றியபடி அது மேசைக்கு அடியில் காத்துக் கிடந்தது.

போன வாரம் எழுபத்தொன்பது ரூபாய் அறுபது காசு வரை வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு சரியத் தொடங்கியது. இன்று காலை எழுபத்தெட்டு நாற்பது.

“என்னக்கா, பலகையை முறைச்சுக்கிட்டே நிக்கிறீங்க?” என்றான் கேஷியர். “நீங்க முறைக்கிற முறைப்புல அது பயந்து இன்னும் கீழதான் போகும்!”

வேறு நாளாக இருந்தால் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். கணவரோடு அதே கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் கொழுந்தன், காலையில் போனில் சொன்ன செய்தியே இன்று அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நேத்து கிரேன் மேல கேபின்லயே அண்ணன் மயங்கிட்டாரு. இது ரெண்டாவது தடவை. நான்தான் ஏறிப் போய்த் தண்ணி தெளிச்சு எழுப்பினேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு மறைக்கிறாரு. இன்னைக்குச் சாயங்காலம் புது ஒப்பந்தம். எண்பது ஆகலையேன்னு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போறாரு. என் பேச்சு எடுபடல, அண்ணி.”

ஒரு தெருவே கீழே எறும்பாகத் தெரியும் உயரம்! அங்கே தனியாக ஒரு மனிதன் கண் இருண்டு சாய்ந்தால்…? அவள் அதற்கு மேல் நினைக்கப் பயந்தாள்.

மதியம் போன் அடித்தது. அவர்தான். அவர்களுக்குள் சாப்பிட்டாயா என்று கேட்கும் பழக்கம் போய்ப் பல காலம் ஆகிறது.

“இன்னைக்கு எவ்வளவு?”

வாசலில் எழுபத்தெட்டு நாற்பது வெயிலில் பளபளத்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“எண்பதுங்க.”

நோட்டு எண்ணிக்கொண்டிருந்த கேஷியரின் விரல் நின்றது. சொல்லிவிடாதே என்று அவனைக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“என்ன சொன்னே?”

“எண்பது. இப்பதான் என் கையால மாட்டினேன். அந்தப் பெரிய எட்டு.”

“காலையில இங்க பாத்தப்ப…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அங்கேயும் தெருவுக்குத் தெரு பலகை உண்டு! அவள் அதை யோசிக்கவே இல்லை.

“அங்க என்ன போட்டிருந்தா நமக்கென்ன? கைக்கு வர்றது இங்கதானே? கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. நீங்க சொன்ன சொல்லு அது.” குரல் உடைந்துவிட்டது.

“ஏன் அழுவுறே?”

“சந்தோஷத்துல.”

“சந்தோஷத்துக்கு இப்படியா விக்குவாங்க?” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “தம்பி பேசினானா?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆமா” என்றார் கடைசியில். “காலையில இங்க பாத்தப்பவும் எண்பதுதான் போட்டிருந்தான்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இனிமே மேல ஏறாதீங்க.”

“இன்னைக்கு ஒரு பொழுதுதானே…”

“ஏறாதீங்க!”

கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி, சரி. கத்தாதே. மாத்து ஆளை ஏறச் சொல்றேன்.”

போன் அணைந்தது. உடனே உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது: “பலகை அக்கா! எழுபத்தேழு தொண்ணூறு!”

அவள் முக்காலியில் ஏறினாள். கேஷியர் எழுந்து வந்து, கேட்காமலே முக்காலியைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா வந்துடுவாராக்கா?”

“வரணும்.”

எட்டைக் கழற்றி ஏழையும், நாலைக் கழற்றி ஒன்பதையும் மாட்டினாள். சரிதானா என்று இரண்டு முறை பார்த்தாள். விலை இறங்கினால் எவ்வளவு நஷ்டம் என்று விரல் மடக்கும் வழக்கம் அவளுக்கு. இன்று விரல்கள் மடங்கவில்லை. போனைத்தான் இறுகப் பிடித்திருந்தன. சாயங்காலம் ஆக இன்னும் நேரம் கிடந்தது.