முனியாண்டி தலைக்கு மேல்

கிள்ளானில் ரயில் தடத்தை ஒட்டி நிற்கும் எங்கள் முனியாண்டிக்குக் கூரை கிடையாது. வேப்பமரத்தடியில் கையில் அரிவாளோடு வெயிலிலும் மழையிலும் நிற்பார். மேலே தகரம் போட்ட ஒரு கோயில் தலைவர் அந்த மாதமே செத்துப்போனார் என்றொரு பேச்சு உண்டு. அதை நம்பாதவர்கள்கூட, சாமி தலைக்கு மேல் ஆள் நடமாடக் கூடாது என்பதை ஒத்துக்கொள்வார்கள்.

என் கணவர் அந்தக் கோயிலின் செயலாளர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கத்திப் பேச வராது. அவருக்கும் சேர்த்து நானே கத்துவேன்.

அங்கே புதிய ரயில் நிலையம் வருகிறது என்றதும் எல்லாரும் கோயிலடிக்கு ஓடி வந்தார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து துரத்தினார்கள், அப்புறம் குடிசை போட்டிருந்த கம்பத்திலிருந்து துரத்தினார்கள். நிலம் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் ஆட்கள் பட்டா எங்கே என்றுதான் கேட்பார்கள். நகராண்மைக் கழகம் கூட்டம் போட்டது. நிலையம் கட்டக் கையில் காசில்லை, வரியை ஏற்றினால் நீங்களே அடிக்க வருவீர்கள் என்றார் அதிகாரி. அதனால் நிலையத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தை ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்களாம். அவர்கள் தங்கள் செலவில் நிலையத்தைக் கட்டித் தந்துவிட்டு, மேலே அடுக்குமாடி எழுப்பி விற்றுக்கொள்வார்களாம். கெட்டிக்கார ஏற்பாடுதான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வெறும் காற்றை விற்று ஸ்டேஷன் கட்டுகிறார்கள் என்று நானே பலரிடம் பெருமையடித்தேன்.

கணவர் எழுந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். நிலம் கோயில் பெயருக்கு வருமா, தண்ணீர் கிடைக்குமா, திருவிழாவுக்கு லோரி நுழையப் பாதை விடுவீர்களா. எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். நிலப்பட்டா கைக்கு வந்த அன்று கிடா வெட்டிச் சாப்பிட்டோம்.

கோயிலுக்கு மேலே என்ன வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலடி மண் போய்விடுமோ என்று பயந்தே வாழ்ந்தவர்களுக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

பார்த்தவன் எங்கள் கோயிலில் கிடா வெட்டும் லோரிக்காரன். எங்களுக்குத் தம்பி மாதிரி, என் கையால் சாப்பிட்டவன். தலைநகரத்துப் பங்சாரில் அந்த நிறுவனத்தின் விற்பனைக் கூடத்துக்குச் சரக்கு இறக்கப் போனவன், அங்கே வைத்திருந்த கட்டட மாதிரியைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். அதில் அடுக்குமாடி கோயில்வரை நீண்டிருந்தது. முனியாண்டிக்கு நேர் மேலே நீச்சல் குளம். அதை ஒட்டி வரிசையாகக் கழிவறைகள்.

ஞாயிறு மதியம் கோயிலை ஒட்டிய கூடாரத்தில் கூட்டம். சாமிக்கு மேலே திறப்பு விடச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கணவர் ஆரம்பித்தார். பாதிகூடச் சொல்லவில்லை.

"சாமி தலைய வித்துட்டு வந்து இப்ப கத சொல்றீங்களா அண்ணே?" என்றான் லோரிக்காரன்.

"எனக்குத் தோணலப்பா. யாருக்குமே தோணல லா," என்றார் இவர்.

முதல் நாற்காலி அப்போது பறந்தது. அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. உடைந்த நாற்காலிக் கால்களாலேயே அடித்துக்கொண்டார்கள். யாருடைய பல்லோ என் செருப்பருகே விழுந்தது. இவர் சட்டையைப் பிடித்து இழுத்தவன் தோளில் நான் குத்துவிளக்கை இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்க நன்றாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் இவருடைய கண்ணாடியைக் காணோம். குனிந்து மண்ணில் துழாவிக்கொண்டிருந்தார். லோரிக்காரன் கூடாரக் கம்பியை உருவிக்கொண்டு வந்தான். நான் போட்ட சத்தத்தில் இவர் நிமிர்ந்தார். ஒரு கண் ஏற்கெனவே சர்க்கரை நோயில் போயிருந்தது. கம்பி விழுந்தது நல்ல கண்ணில். விரலிடுக்கில் ரத்தம் கொட்ட, என்னைக் கூப்பிட்டபடியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கண்ணை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். போலீசில் நான் அவன் பெயரைச் சொன்னேன். கூட்டத்தில் இருந்தவர்கள் யாருமே பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் அடித்தது யார் என்று இவரிடமும் சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம். தெரிஞ்சா அவனையே நெனச்சுகிட்டுக் கெடப்பேன்," என்றார். புகாரையும் மீட்டுக்கொள்ளச் சொன்னார். அன்று அவரையே அறையலாம் போலிருந்தது. ஆனாலும் மீட்டுக்கொண்டேன்.

அடிதடிப் படங்கள் எல்லார் கைப்பேசிக்கும் போயின. ரத்தம் சிந்திய முனியாண்டி கோயிலுக்கு மேலே யார் குடிவருவார்கள்? வீட்டுக்குப் பதிவு செய்தவர்கள் பின்வாங்கினார்கள். இவர் எழுதி எழுதி அசையாத நிறுவனம் உடனே வரைபடத்தை மாற்றியது. சாமிக்கு மேலே கிணற்றளவு வானத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கட்டினார்கள். அடிதடியால் ஒன்றும் நடக்காது என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவள் நான். இப்போது அதைச் சொல்வதில்லை.

நிலையம் திறந்த பிறகு வந்த முதல் திருவிழாவில், சாமிக்கு வானத்தை மீட்டவன் என்று அந்த லோரிக்காரனுக்கே பரிவட்டம் கட்டினார்கள். உறுமி மேளத்தில் அவன் பெயர் இவர் காதில் விழவில்லை. தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் எல்லாருக்கும் திருநீறு பூசிக்கொண்டு வருவது எங்கள் கோயில் வழக்கம். அவனும் வரிசையாகப் பூசிக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் நின்றுவிட்டான். என் வாயில் எச்சில் திரண்டது.

"யாரு?" என்றார் இவர்.

"பரிவட்டம் கட்டிகிட்டவரு," என்றேன்.

இவர் தலையைக் குனித்துக் கொடுத்தார். தையல் போட்ட தழும்புக்குப் பக்கத்தில் அவன் விரல் பூசியது. இவர் துழாவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை போனதிலிருந்து எதிரில் வருபவர்களை எல்லாம் ஒரே மாதிரிதான் வாழ்த்துகிறார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கணும்பா," என்றார்.

அவனால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை. இவராக விடும்வரை நின்றான். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.