அல்பேட்டின் கம்பம் யாருடையது

அல்பேட் அண்ணையைப்போல அரசாங்கத்துக்குப் பயந்த மனுசனை நான் கண்டதில்லை. மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கப்பலில் ரேடியோ ஒப்பிசராக உலகத்தைச் சுற்றியவர். புயலுக்கு அசையாத மனுசன், அரசாங்க முத்திரை குத்திய கடித உறையைக் கண்டால் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவருவார். ஊரில் அப்படி வந்த எந்த உறையும் நல்ல சேதி கொண்டுவரவில்லையாம்.

பின்வளவில் ஓர் இரும்புக் கம்பம் நட்டிருந்தார். கூரையைவிட இரண்டு மடங்கு உயரம், உச்சியில் ரேடியோ ஏரியல். பப்புவா நியூகினியில், தொலைபேசி இல்லாத தீவொன்றில், அவருடைய தங்கை பேர்ணடெற் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இவரைப்போல அவளிடமும் ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் லைசென்ஸ் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் இவர் இங்கிருந்து கூப்பிடுவார். அங்கே ஞாயிறு காலை, பூசைக்குப் போகுமுன் அவள் பதில் சொல்லுவாள். இவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அவள்தான்.

1994 கார்த்திகையில் சிற்றியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, கடிதம் வந்தது. கம்பத்தின் உயரம் பற்றி முறைப்பாடு, வந்து பேசவும் என்றிருந்தது. அண்ணை தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். நானே போன் எடுத்தேன். நிலத்தில் எது எழும்பினாலும் தங்கள் பொறுப்பு என்றது சிற்றி. ஏரியல் தங்கள் பொறுப்பு, சிற்றி தடுக்க முடியாது, ஆனாலும் சிற்றியோடு பேசுங்கள் என்றது ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசாங்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே எந்தப் பக்கம் இடி, எந்தப் பக்கம் தடவல் என்றே எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, அப்ப ஆர் பெரிசு?"

"ஒட்டாவா, அண்ணை."

"பிறகேன் சிற்றியைக் கேக்கச் சொல்லுறாங்கள்?"

"ஒரு மரியாதைக்கு."

"அவன் மாட்டன் எண்டால்?"

"ஒட்டாவா முடிவெடுக்கும்."

"அப்ப என்னத்துக்குக் கேக்கிறது?"



அடுத்த கிழமை நான் வேலையால் வந்தபோது கம்பம் தரையில் கிடந்தது. அத்திவாரத்தையும் கிண்டி எடுத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஆர் அண்ணை உந்தக் கம்பத்தைக் கழட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல முந்திச் செய்தால் கோவிக்க மாட்டினம் எல்லோ? சிற்றிசன்சிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன், தம்பி."

மார்கழியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. கம்பம் நிற்கலாம். ஆனால் நிலம் கல்லாக உறைந்துவிட்டது. பனி கரையுமட்டும் ஒரு குழி வெட்ட முடியாது.

அந்தச் சனிக்கிழமை யன்னலிலிருந்து மேப்பிள் மரத்துக்கு, ஏரியலுக்குப் பதிலாக, ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன். தங்கையின் பள்ளிக்கூடத்து ரேடியோ பலமானது. இரைச்சலுக்குள் அவளுடைய குரல் வந்தது.

"அண்ணை, கேக்குதோ?"

"கேக்குது, பேர்ணடெற், கேக்குது!" என்று மைக்கில் கத்தினார்.

அவள் காத்திருந்தாள். அந்தத் தாழ்ந்த கம்பியிலிருந்து இவருடைய குரல் அவ்வளவு தூரம் போகவில்லை.

"இண்டைக்கும் இல்லையோ? சுகமில்லாமல் கிடக்கிறியளோ, அண்ணை? உங்களுக்காண்டித்தான் இண்டைக்குப் பூசை. மணி அடிக்குது, போட்டு வாறன்."

இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அண்ணை மைக்கை வைக்கவேயில்லை.

"இதுக்கு ஆர் பொறுப்பு, தம்பி?" என்று கேட்டார்.

யாருக்குப் போன் எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.