ஒடம்பு சரியில்லக்கா

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் போனில் நேராகச் சொல்ல மாட்டார்கள். "ஒடம்பு சரியில்ல, ஒடனே வா" என்பார்கள். அப்பா இறந்தபோது எனக்கு வந்த தகவலும் அதுதான்.

கல்யாணத்துக்கு அப்புறம் நான் பசுவந்தனையில் இருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. ஒருநாள் அங்கிருந்து என் தம்பி, எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான்.

"அத்தானுக்கு ஒடம்பு சரியில்லக்கா. ஒடனே பொறப்பட்டு வா."

எனக்குப் புரிந்துவிட்டது. தாலியை இறுகப் பிடித்தபடி பஸ் ஏறினேன். பாதி வழியில் நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவது போல் இருந்தது. அப்புறம் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தால், கட்டிலருகே அவர் நிற்கிறார். வாந்தி பேதியில் வாடிப்போயிருந்தார், அவ்வளவுதான். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"நெசமாவே ஒடம்புக்குத்தானக்கா சரியில்ல!"

டாக்டர் சொன்னார்: "ரத்தக் குழாயில அடைப்பே இல்லம்மா. அவர் இறந்துட்டார்னு உங்க மூளை நம்பிடுச்சு. அந்த அதிர்ச்சியில இதயம் பலூன் மாதிரி உப்பித் தளர்ந்துபோச்சு."

பிழைத்து எழுந்ததும் தம்பியிடம் சத்தியம் வாங்கினேன். இனிமேல் எதுவானாலும் நேராகச் சொல்ல வேண்டும்.

சில வருஷம் கழித்து அவன் போன் வந்தது.

"அத்தான் செத்துட்டாவக்கா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். நான்தான் கத்தினேன்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லக் கூடாதாலே? இந்தத் தடவ நம்பியிருப்பேன்லா. கோவில்பட்டி வந்து சேருத வரைக்கும் நம்பியிருப்பேன்லா."