தாராவியில் யாரும் வாங்குவதில்லையாம்

வாடிக்கையாளர் மனசைப் படிப்பதுதான் மும்பை செம்பூர் ஆபீஸில் எனக்கு வேலை. ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனி அது. ஒருநாள் மீட்டிங்கில், தாராவிக்குப் பக்கத்திலேயே வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் மேனேஜர் திரையில் மேப்பைக் காட்டிச் சிரித்தார்.

"மாட்டுங்கால ஆர்டர் எப்படிக் கொட்றது பாருங்கோ! அரே, தாராவில ஒண்ணுமே இல்ல. அங்க யாருக்குடா டேஸ்ட் இருக்கு? டெலிவரி லிஸ்ட்லேர்ந்து தூக்கிடலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், அந்த ஆர்டரே நாங்க போடுததுதான். தாராவின்னு எழுதினா டெலிவரிக்காரன் கேன்சல் பண்ணிருதான். அதான் மாட்டுங்கான்னு எழுதிட்டு, மெயின் ரோட்டுல நின்னு வாங்கிக்கிடுதோம்."

"நாங்களா? நீ மாட்டுங்கா இல்லையா?"

"இல்ல சார், தாராவி. இந்த வேலைக்கும் அப்படித்தான் விலாசத்த மாத்தி எழுதினேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடப்பாவி! பாத்தா தெரியவே இல்லையேடா!"

தாராவியை லிஸ்ட்டிலிருந்து தூக்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் 'பாத்தா தெரியவே இல்லையே' என்பதைப் பாராட்டாகச் சொன்னது இன்றும் எரிகிறது. கேட்ட நொடியில் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.